டைம்கீப்பர் நடத்திய இன்டர்வியூ

"ஹலோ, நான் கம்பெனி மேனேஜர் பேசறேன்" என்று டைம்கீப்பர் சொன்னபோது, போனுக்கும் அவர் வாய்க்கும் நடுவில் நான்காக மடித்த கைக்குட்டை இருந்தது. பதற்றத்தில் அதன் ஒரு மூலை வாய்க்குள்ளேயே போயிருந்தது.

"யாரு சார்?" என்றது மறுமுனை.

மறுமுனையில் இருந்தது வேறு யாருமில்லை, அவர் பெற்ற மகள்தான்.

டைம்கீப்பர் உட்கார்ந்திருந்த இடம் பஸ் டிப்போவின் பேட்டரி அறை. இரண்டு பக்கமும் பழைய டயர்கள். கையிலிருந்த போன் அவருடையது இல்லை. அவர் நம்பர்தான் மகளுக்குத் தெரியுமே! அதனால் மெக்கானிக்கின் போனை இரவல் வாங்கியிருந்தார். இந்த மெக்கானிக்கை டிப்போவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஸ்பேனர்' என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்.

மகள் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரிங் முடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. சிப் டிசைன் வேலைக்குத்தான் போவேன் என்று ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்து எட்டு மாதமாகப் படிக்கிறாள். படிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. விரல் நகத்தில் பாதிகூட இல்லாத சிப்புக்குள் கோடிக்கணக்கான சுவிட்சுகள் எப்படி ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் வேலை செய்கின்றன என்று, சாப்பிட்ட தட்டிலேயே விரலால் கோடு போட்டுக் காட்டுவாள். பஸ்ஸைத் தவிர வேறொன்றும் அறியாத டைம்கீப்பருக்கே அது புரிந்துவிடும்.

ஆனால் இன்டர்வியூ என்று வந்து, முன்பின் தெரியாத ஒரு குரல் "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டால் போதும், அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இப்படிப் பதினோரு இன்டர்வியூ ஆயிற்று. கடைசி இன்டர்வியூவில் பெயர் என்ன என்று கேட்டதற்கே, "யோசிச்சு சொல்றேன் சார்" என்றிருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் வந்து நின்றாள்.

"இந்த மாசத்தோட கிளாஸ் முடியுதுப்பா. அதுக்குள்ள ஒண்ணும் அமையலைன்னா விட்டுடறேன். தெருமுனை மருந்துக் கடையில பில் போட ஆள் கேக்கறாங்க."

அழாமல் சொன்னாள். அழுதிருந்தால்கூட டைம்கீப்பர் தாங்கிக்கொண்டிருப்பார். பில் போடுவது ஒன்றும் மட்டமான வேலை இல்லை. ஆனால் தட்டில் கோடு போடும்போது அவள் முகத்தில் வருகிற வெளிச்சம் பில் புத்தகத்தைப் பார்த்து வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும்.

யோசித்துப் பார்த்தார். தெரியாத குரலைக் கேட்டால்தானே பயம்? அப்படியானால் ஒரு தெரியாத குரலை ஏற்பாடு பண்ணி, பேசிப் பழக்கிவிட வேண்டியதுதானே? மகள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவளுடைய நோட்டிலிருந்து பன்னிரண்டு கேள்விகளைப் பதிலோடு டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். பாதி வார்த்தைகளை அவர் படமாகத்தான் வரைந்தார்.

"கம்பெனி மேனேஜர்ம்மா. சிப் டிசைன் கம்பெனி. உங்க விவரம் எங்ககிட்ட வந்துச்சு."

மறுமுனையில் இரண்டு விநாடி மௌனம். டைம்கீப்பர் கண்ணை மூடிக்கொண்டார். ஒட்டிக்கொண்டுவிட்டதா நாக்கு?

"எந்தக் கம்பெனி சார்?"

இதை அவர் யோசித்து வைக்கவில்லை. எதிர்ச் சுவரில் 'ரிவர்ஸ் எடுக்கும்போது ஹாரன் அடிக்கவும்' என்று சிவப்பில் எழுதியிருந்தது.

"ரிவர்... ஹாரன். ரிவர்ஹாரன் டெக்னாலஜீஸ்."

"ஓ. சொல்லுங்க சார்."

"ம்ஹூம்" என்று செருமிக்கொண்டார். "முதல் கேள்வி. செட்டப் தப்புன்னா என்ன? ஹோல்டு தப்புன்னா என்ன?"

மறுபடியும் ஒரு சின்ன மௌனம். பிறகு குரல் வந்தது. நிதானமாக, தட்டில் கோடு போடும்போது வருகிற அதே குரல்.

"சார், சிப்புக்குள்ள ஒரு கிளாக் அடிச்சுக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் டேட்டா ஒரு ஸ்டாப்புலேர்ந்து அடுத்த ஸ்டாப்புக்கு வந்து நிக்கணும். பஸ்ஸுன்னு வச்சுக்கோங்களேன்."

பஸ் என்றதும் டைம்கீப்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பஸ் லேட்டா வந்து சேர்ந்தா அது செட்டப் தப்பு. ரொம்ப சீக்கிரம் வந்து, ஏற்கெனவே ஸ்டாப்புல நிக்கிற பஸ் கிளம்பறதுக்குள்ள அது மேல போய் இடிச்சா, அது ஹோல்டு தப்பு."

"ரெண்டுல எது மோசம்?"

இந்தக் கேள்வி தாளில் இல்லை. அவருக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

"சீக்கிரம் வர்றதுதான் சார் மோசம். லேட்டா வந்தா கிளாக்கைக் கொஞ்சம் மெதுவா ஓட்டி சமாளிச்சுக்கலாம். சீக்கிரம் வந்தா கிளாக்கை எவ்வளவு மெதுவாக்கினாலும் பிரயோஜனம் இல்லை. வழியிலயே கொஞ்சம் தடுத்து நிறுத்தித்தான் அனுப்பணும். சிப்பு செஞ்சு முடிச்சப்புறம் அந்தத் தப்பு தெரிஞ்சா, குப்பையில போட வேண்டியதுதான்."

"அதானே!" என்று டைம்கீப்பர் தொடையில் தட்டினார். இருபத்தாறு வருஷமாக அவர் டிரைவர்களிடம் கரடியாகக் கத்துவது இதைத்தான். லேட்டாக வருகிறவனைத் திட்டித் திருத்தலாம். நேரத்துக்கு முன்னால் வந்து நிற்கிறவன்தான் மொத்த அட்டவணையையும் நாசம் பண்ணுகிறவன்.

அந்த நேரம் பார்த்து ஒரு டிரைவர் கதவுக்குள் தலையை நீட்டினார். "சார், பன்னெண்டு பி எடுக்கலாமா?"

"எடு, எடு. ரெண்டு நிமிஷம் நிதானிச்சு எடு" என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டு, டைம்கீப்பர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அது... எங்க கம்பெனி ஸ்டாஃப் பஸ்ஸும்மா."

"பரவாயில்லை சார்" என்றது மறுமுனை, ரொம்ப மரியாதையாக.

பன்னிரண்டு கேள்விக்கும் பன்னிரண்டு டிக் விழுந்தது. கைக்குட்டை எப்போது மடியில் விழுந்ததென்று அவருக்கே தெரியாது. கடைசியில் "நல்லா பேசினீங்க, அப்புறம் தெரியப்படுத்தறோம்" என்று சொல்லி வைப்பதாகத்தான் திட்டம். தாளின் அடியில் அதை எழுதி இரண்டு கோடுகூட போட்டிருந்தார். ஆனால் கண்ணில் நீர் நிறைந்து அந்த வரி தெரியவில்லை. ஒன்றரை வருஷமாக யாராவது தன் மகளிடம் சொல்ல மாட்டார்களா என்று அவர் ஏங்கிக்கிடந்த வார்த்தை தானாகவே வெளியே வந்தது.

"நீ செலக்டட்ம்மா" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

வைத்த பிறகுதான் என்ன பண்ணித் தொலைத்தோம் என்று உறைத்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மேஜைமேல் கேக் இருந்தது. மகள் ஒரு மூலையில் கண் சிவக்க உட்கார்ந்திருந்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்.

"ஏங்க, விஷயம் தெரியுமா?" என்று மனைவி வாசலுக்கே வந்துவிட்டாள். "நம்ம பொண்ணுக்கு வேலை கிடைச்சாச்சு! ஏதோ ரிவர்ஹாரனாம்!"

"அப்படியா?" என்றார் டைம்கீப்பர்.

மனைவியிடம் ஒரு செய்தியைச் சொல்வதும் டிப்போ ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான். மாடி வீட்டுக்காரர் கீழே இறங்கி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரிவர்ஹாரனா! எனக்கு நல்லா தெரியும் சார். ரொம்பப் பழைய கம்பெனியாச்சே. லேசுல ஆள் எடுக்க மாட்டான்."

"அப்படிங்களா?"

"எங்க அக்கா பையனும் எலக்ட்ரானிக்ஸ்தான் படிச்சிருக்கான். நீங்கதான் அந்த மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

சொல்லிவிட்டு அக்கா பையனின் விவரத்தை, போட்டோ ஒட்டி, ஃபைலில் போட்டு, டைம்கீப்பரின் கையிலேயே திணித்துவிட்டுப் போனார்.

இரவல் குரலில் கொடுத்த வேலையை இரவல் குரலிலேயே பிடுங்கிவிடுவது என்று டைம்கீப்பர் முடிவு செய்தார். மறுநாள் காலை மறுபடியும் பேட்டரி அறை, மறுபடியும் ஸ்பேனரின் போன். கைக்குட்டையை நம்ப முடியாது என்று இந்தத் தடவை ஒரு காலி ஆயில் டின்னுக்குள் வாயை வைத்துக்கொண்டார்.

"ரிவர்ஹாரன் மேனேஜர் பேசறேன். நேத்து ஒரு சின்னக் குழப்பம் ஆயிடுச்சு."

"சொல்லுங்க சார். உங்களுக்கு உடம்பு சரியில்லையா? கிணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருக்கு."

"ஏ.சி. ரூம்மா. அப்படித்தான் இருக்கும்."

எடுத்த எடுப்பில் வேலை இல்லை என்று எப்படிச் சொல்வது? ஒரு கேள்வியைக் கேட்டு, அதில் தடுமாறினால் அதைச் சாக்காக வைத்துச் சொல்லிவிடலாம் என்று தாளைப் பிரித்தார். டின்னில் ஒட்டிக்கொண்டிருந்த ஆயில் தாளில் சொட்டி, பாதி வரி அழிந்திருந்தது. கிடைத்த வார்த்தைகளைக் கோத்து ஒரு கேள்வி பண்ணினார்.

"ஹோல்டு தப்பு வந்தா, கிளாக்கை எவ்வளவு மெதுவாக்குவீங்க?"

"சார்..." மறுமுனை தயங்கியது. "கேள்வியில ஏதோ விட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன். ஹோல்டு தப்புக்கும் கிளாக் வேகத்துக்கும் சம்பந்தம் இல்லையே சார்."

சாக்கும் போயிற்று. இவ்வளவு பதமாகத் தப்பைச் சுட்டிக்காட்டுகிற பெண்ணுக்கு வேலை இல்லை என்று எந்த வாயால் சொல்வது? டின்னுக்குள் இருக்கிற வாயால்கூட முடியவில்லை.

"டைப்பிங் மிஸ்டேக். நாளைக்குப் பதினோரு மணிக்கு எங்க டைரக்டர் பேசுவார். கடைசி முடிவு அவர்தான் சொல்வார்" என்று சொல்லி, இல்லாத கம்பெனிக்கு ஒரு டைரக்டரையும் நியமித்துவிட்டு வைத்தார்.

மத்தியானம் பெர்மிஷன் போட்டுவிட்டு நேராகப் பயிற்சி நிலையத்துக்குப் போனார். மாணவர்களுக்கு வேலை தேடிக்கொடுக்கிற மேடத்தின் அறை இரண்டாவது மாடியில் இருந்தது. சுவர் முழுக்க வேலை கிடைத்தவர்களின் போட்டோ. ஆணி அடித்து, போட்டோ இல்லாமல் நாலைந்து இடம் காலியாக இருந்ததை டைம்கீப்பர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஒன்று விடாமல் சொன்னார்.

மேடம் மூக்குக் கண்ணாடி நழுவச் சிரித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சிரிக்காமல் பேசினார்.

"அவளுக்கு எல்லாம் தெரியும் சார். என் கிளாஸ்ல தப்பு கண்டுபிடிக்கறதுல அவதான் முதல். ஆனா வாயைத் திறக்கணுமே!"

"நீங்க மனசு வச்சு ஒரு உண்மையான கம்பெனிக்கு அனுப்பினீங்கன்னா..."

"ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்கு. மத்தவங்க டிசைன்ல தப்பு கண்டுபிடிக்கிற வேலை. அவளுக்குன்னே செஞ்ச மாதிரி. ஆனா அந்த மேனேஜர் பெரிய சிடுமூஞ்சி. சொல்லாம கொள்ளாம திடீர்னு கூப்பிடுவார். எங்க பசங்க பத்தொன்பது பேர் பேசியாச்சு, ஒருத்தரும் தேறலை. அவர் மூச்சு விடற சத்தமே போன்ல புஸ்ஸு புஸ்ஸுன்னு கேக்குமாம். பாதிப் பேர் அதுக்கே பயந்துட்டாங்க."

டைம்கீப்பரின் முகம் தொங்கிப்போயிற்று.

"இன்னைக்கே அனுப்பிடறேன். கூப்பிட எப்படியும் பத்து நாள் ஆகும். அதுக்குள்ள அவளைத் தயார் பண்ணலாம்."

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மேடம். சொன்னா அந்தப் பத்து நாளும் தூங்க மாட்டா."

பத்து நாள் என்றதும் அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அதற்குள் ரிவர்ஹாரனை இழுத்து மூடியாக வேண்டும். தன் வாயால் அது முடியாது என்று தெரிந்துவிட்டதால் ஸ்பேனரைப் பிடித்தார்.

"நீதான் டைரக்டர்."

"ஐயையோ, எனக்கு இங்கிலீஷ் வராதுண்ணே."

"டைரக்டர் எதுக்கு இங்கிலீஷ் பேசணும்? நாலு வரி எழுதித் தர்றேன், படிச்சுட்டு வச்சுடு."

அந்த நாலு வரியை எழுத டைம்கீப்பருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. 'நீங்கள் மிகவும் திறமைசாலி. எங்கள் கம்பெனிக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை. இந்தக் கிளையை மூடுகிறோம். நீங்கள் இதைவிட நல்ல இடத்துக்குப் போவீர்கள்.' எழுதி முடித்துவிட்டுத் தானே ஒரு தடவை படித்துப் பார்த்தார். கண் கலங்கியது. எதற்கும் இருக்கட்டும் என்று 'மிகவும்' என்பதற்கு முன்னால் இன்னொரு 'மிக' சேர்த்தார்.

மறுநாள் காலை இதே யோசனையில் பிரஷர் மாத்திரையை மேஜைமேலேயே விட்டுவிட்டு டிப்போவுக்கு ஓடினார். பத்தரை மணிக்கு, எப்போதும் வராத பெரிய அதிகாரி ஒருவர் சோதனைக்கென்று வந்து, அவர் எதிரிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மூன்று மணி வரை டைம்கீப்பரால் அசைய முடியவில்லை. நடுவில் ஜன்னல் வழியாகத் தெரிந்த ஸ்பேனரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஸ்பேனர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். "பன்னெண்டு பி எடுக்கலாமா?" என்று டிரைவர் வந்து கேட்டதற்கு, அதிகாரி முன்னால் மிடுக்காக, "இன்னுமா எடுக்கலை? உடனே எடு" என்றார்.

சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே மகள் உடைந்துபோய் உட்கார்ந்திருப்பாள். போதும் இந்த நாடகம், எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டியதுதான் என்று உள்ளே நுழைந்தார். மனைவி கேக் வைத்துக் கொடுத்த தட்டை வாங்கிவர மாடிக்குப் போயிருந்தாள். தட்டு ஒரு சாக்குதான், பேச்சு முடிய ஒரு மணி நேரமாவது ஆகும்.

மகள் சிரித்துக்கொண்டே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ அப்பாவை மன்னிக்கணும்."

"மொதல்ல தண்ணியக் குடிங்க."

"ரிவர்ஹாரன்னு ஒரு கம்பெனியே இல்லைம்மா."

"தெரியும்ப்பா."

"அந்த மேனேஜர்..."

"நீங்கதான். 'ம்ஹூம்'னு செருமினீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. மிச்சம் மீதி இருந்த சந்தேகத்தைப் பன்னெண்டு பி வந்து தீர்த்து வச்சுடுச்சு."

டைம்கீப்பர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ ஏன்மா சொல்லலை?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள என் நோட்டுல இருக்கறதை வரி மாறாம படிக்க ஆரம்பிச்சீங்க. இதையெல்லாம் எப்போ உக்காந்து எழுதினார்னு நினைச்சேன், ஒரு மாதிரி ஆயிடுச்சு. சரி, கேக்கற கேள்விக்குப் பதில் சொல்லுவோம்னு சொன்னேன். கடைசியில 'நீ செலக்டட்ம்மா'ன்னீங்க. எந்த ஊர் மேனேஜர்ப்பா அதைச் சொல்லிட்டு அழுவான்?"

"நான் எங்கே அழுதேன்? கைக்குட்டை வாயில மாட்டிக்கிச்சு."

"நான் அழுதேன். அம்மா வந்து என்னன்னு கேட்டாங்க. 'செலக்டட்னு சொன்னார்ம்மா'ன்னேன். யார் சொன்னார்னு நான் சொல்றதுக்குள்ள அம்மா மாடிப்படியில பாதி ஏறிட்டாங்க. அதுக்கப்புறம் உங்களைக் காட்டிக்கொடுக்க மனசு வரலை."

டைம்கீப்பருக்கு வெட்கமாகவும் இருந்தது, மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிய மாதிரியும் இருந்தது. மகளின் தலையில் கையை வைத்தார்.

"உனக்கு உதவி பண்றேன்னு கிளம்பி, எல்லாத்தையும் குட்டையாக் குழப்பிட்டேன்."

"அதெல்லாம் இல்லைப்பா. மூணு தடவை பேசினேன், ஒரு தடவைகூட நாக்கு ஒட்டலை தெரியுமா? அந்தப் பக்கம் நீங்கதான்னு நினைச்சாலே எல்லாம் தானா வருது. ஆனா இன்னைக்கு நீங்க அசத்திட்டீங்க. என்ன குரல்! புதுசா ஒரு நம்பர் வேற. மூச்சு விடறதைக்கூட புஸ்ஸு புஸ்ஸுன்னு மாத்திட்டீங்களே! இன்னைக்கு எதுக்குள்ள வாயை வச்சீங்க?"

"இன்னைக்கு நான் இல்லைம்மா. ஸ்பேனர் பேசினான்."

மகள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஸ்பேனர் மாமாவா? ஐயோ, அவரையா அப்படிப் பேசினேன்!"

"எப்படி?"

"நேத்து நீங்க தப்பாக் கேட்ட அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டார்ப்பா. ஹோல்டு தப்பு வந்தா கிளாக்கை எத்தனை சதவீதம் மெதுவாக்குவீங்கன்னு. 'கேள்வியே தப்பு சார், நேத்தே சொன்னேனே, மொதல்ல தாளை நேராப் பிடிச்சுப் படிங்க'ன்னேன்."

டைம்கீப்பர் சிரித்துவிட்டார்.

"அதோட விட்டேனா? 'இருபத்தாறு வருஷமா டிப்போல உக்காந்திருக்கீங்க, நேரத்துக்கு முன்னாடி வர்ற பஸ்ஸுக்குக் கடிகாரத்தைத் தள்ளி வச்சா சரியாயிடுமா?'ன்னு வேற கேட்டேன். அப்புறம் இன்னும் நாலஞ்சு கேட்டார், எல்லாத்துக்கும் சொன்னேன். கடைசியில, சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கறீங்கன்னார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. மேஜைமேல உங்க மாத்திரை வேற கண்ணுல பட்டுச்சா, 'சம்பளம் இருக்கட்டும், காலையில மாத்திரை போட்டீங்களா? மறந்துதானே போனீங்க? அதைப் போட்டுட்டு வாங்க, அப்புறமா சம்பளத்தைப் பத்திப் பேசலாம்'னேன். 'ஆமாம்மா, மறந்துட்டேன்'னு சின்னக் குரல்ல சொல்லிட்டு வச்சுட்டார். பாவம்ப்பா."

டைம்கீப்பரின் சிரிப்பு மெல்ல நின்றது. ஸ்பேனருக்குத் தலைவலி மாத்திரைகூடப் பழக்கமில்லை. அது மட்டுமில்லை.

"கேள்வி கேட்டானா? நான் எழுதிக் கொடுத்ததுல கேள்வியே இல்லையேம்மா."

வாசலில் ஒரு செருமல் கேட்டது. ஸ்பேனர், கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"மன்னிச்சுக்கங்கண்ணே. நீங்க பார்த்தப்போ பேசிடறேன்னுதான் கட்டை விரலைக் காட்டினேன், ஆனா பதினோரு மணிக்குப் பேச முடியலை. பன்னெண்டு பி-யோட இன்ஜின் மூடி மேல போனை வச்சுட்டு ரிப்பேர் பார்த்துக்கிட்டிருந்தேன். டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள வண்டி போனோட கிளம்பிடுச்சு."

"யாரு எடுக்கச் சொன்னது?"

"நீங்கதான்ணே."

புஸ்ஸு புஸ்ஸு என்ற அந்த மூச்சு, மேடத்தின் இரண்டாவது மாடி அறையிலிருந்து புறப்பட்டு டைம்கீப்பரின் காதுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்தது.

"பத்து நாள் ஆகும்னாங்களே!" என்று அவர் முனகினார்.

"எதுக்குப்பா பத்து நாள்?"

சொன்னார். சொல்லச் சொல்ல மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, அவரைத் தாளை நேராப் பிடிக்கச் சொன்னேனே."

"விடும்மா."

"அவரை டிப்போல உக்காரவச்சேனே, இருபத்தாறு வருஷம்!"

"எல்லாம் என்னாலதான்" என்றார் டைம்கீப்பர். இருந்த ஒரே ஒரு உண்மையான கம்பெனி. அதையும், நேரத்துக்கு முன்னால் வந்த பஸ்ஸை இடிக்கவிட்ட மாதிரி, தானே கெடுத்துவிட்டோம் என்று நினைத்தார். மருந்துக் கடையில் ஆள் எடுத்துவிட்டார்களா என்று கேட்க வேண்டும் என்றுகூட ஒரு நினைப்பு வந்து போயிற்று.

அப்போது மகளின் போன் அடித்தது. காலையில் வந்த அதே புது நம்பர்.

அவள் போனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். நாக்கு பழையபடி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. போனை அப்பாவின் பக்கம் தள்ளிவிட்டாள்.

டைம்கீப்பர் எடுத்தார். கைக்குட்டை இல்லை, டின் இல்லை. "ம்ஹூம்" என்று செருமிக்கொண்டு, மூன்று நாளில் முதல் தடவையாகத் தன் சொந்தக் குரலில், "ஹலோ" என்றார்.

புஸ்ஸு புஸ்ஸு என்று மூச்சு கேட்டது.

"சார், நான் அவ அப்பா. அவமேல ஒரு தப்பும் இல்லை சார். எல்லாம் நான் பண்ணின கூத்து. அவ என்கிட்ட பேசறதா நினைச்சுட்டு..."

"அந்த டிப்போக்காரர் நீங்கதானா?" என்றது ஒரு கனத்த குரல். "இந்தக் கேள்வியை இருபது பேர்கிட்ட கேட்டுட்டேன் சார். வேணும்னேதான் தப்பாக் கேக்கறது. பத்து சதவீதம், இருபது சதவீதம்னு ஆளாளுக்கு ஒரு கணக்கு சொன்னாங்களே தவிர, கேள்வியே தப்புன்னு என்கிட்டயே தைரியமாச் சொன்னது உங்க பொண்ணு ஒருத்திதான்."

மகளும் ஸ்பேனரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்துக் குரல் கொஞ்சம் தயங்கி, ஒரு தடவை செருமிக்கொண்டது.

"மாத்திரையைப் போட்டுட்டேன்னு அவகிட்ட சொல்லுங்க சார். இப்போ சம்பளத்தைப் பத்திப் பேசலாமான்னும் கேட்டுச் சொல்லுங்க."